என்ன மாத்தினே?

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை. குழந்தைகளைச் சோதித்துத் தாளில் எழுதுவதற்காக மாதம் ஒருமுறை வரும் ஓர் இளம்பெண். அவளுக்கு என் மகள் வைத்த பெயர் பொம்மை டீச்சர். பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரிலிருந்து நீலக் கோட்டோடு நேராக வந்திருந்த என் மனைவி. நாலரை வயதான என் மகள். எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பதினோரு மணி நேரம் ஆஸ்பத்திரித் துணி துவைத்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்த நான். மேசைமேல் இரண்டு துணிப்பொம்மைகள், ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை, இன்னொன்றுக்குக் கோடு போட்ட பாவாடை. அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறேன். தகராறே அவற்றால்தான்.

தலைமை ஆசிரியை ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழே இரண்டு இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இங்க நீங்க, இங்க அவங்க. பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல சார். ஒரு வருஷம் தனியா கவனிச்சா சரியாயிடும்."

"போன வருஷம் பின் அறைக்கு அனுப்பின மூணு பிள்ளைங்க சரியாயிட்டாங்களா?"

"அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க."

"அப்போ அந்த ஒரு வருஷம் எந்தக் காலண்டர்ல?"

மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அவளுக்குக் காலை பத்து மணிக்குத்தான் கவுண்டருக்குப் போன் வந்திருந்தது. பிள்ளையை மாற்றப்போகிறோம், உடனே வாங்க என்று. வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எதற்கு, என்ன என்று இன்னும் முழுசாகப் புரியாத முகம்.

எனக்குப் புரியும். பின் அறையை எனக்கு நன்றாகவே தெரியும். இந்தப் பள்ளியின் பின் அறை தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பிளாஸ்டிக் மணி கோக்கிறார்கள். நான் படித்த பள்ளியின் பின் அறை சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்து இருந்தது. அங்கேயும் மணிதான். ஆறு வயதில் என்னை அதில் உட்கார வைத்தார்கள். கேட்டதற்கு வேறு பதில் சொன்னேனாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் மணி கோத்தேன். வெளியே வந்தபோது மற்ற பிள்ளைகள் வகுத்தல் கணக்கு வரை போயிருந்தார்கள். கல்லூரி வரை தட்டுத்தடுமாறிப் போய், பாதியில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நீராவி அறையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் என் வகுப்பிலேயே படித்த என் மனைவி படிப்பை முடித்தாள். அதனால் அவள் என்னை நீ என்றுதான் சொல்வாள். கோபம் வந்தால் கூடவே ஒரு 'டா'வும் வரும்.

தாளில் எழுதியிருந்தது இதுதான்: 'பிறர் மனத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ளும் திறனில் குறை. தனி அறை பரிந்துரைக்கப்படுகிறது.'

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மனைவி கேட்டாள்.

பொம்மை டீச்சர் பொறுமையாகச் சொன்னாள். சின்னப் பெண்தான், விரல் நகமெல்லாம் கடித்து வைத்திருந்தாள். சிவப்புச் சட்டைப் பொம்மை பந்தைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகும். அது இல்லாதபோது கோட்டுப் பாவாடைப் பொம்மை பந்தை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கும். பிறகு சிவப்புச் சட்டை திரும்பி வரும். அது பந்தை எங்கே தேடும்? கூடையில் என்று பிள்ளை சொல்ல வேண்டும். ஏனென்றால் மாற்றி வைத்தது சிவப்புச் சட்டைக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வி.

"உங்க பொண்ணு பெட்டியிலன்னு சொன்னா. மறுபடி கேட்டேன். பெட்டியிலன்னு அடிச்சுச் சொன்னா."

மனைவி மூலையில் உட்கார்ந்து மெழுகுக் குச்சியால் தாளைப் பச்சையாக்கிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே யோசனைதான். இந்தக் கேள்வியில் எங்கள் பிள்ளை தோற்பது நடக்காத காரியம்.

ஏன் நடக்காது என்பதற்கு என் கையைக் காட்ட வேண்டும். வலது கையில் முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்பு பகல் ஷிப்டுக்காரன் ஒருவன் சோப்புக் கரைசல் டிரம் நிற்கும் இடத்தில் ப்ளீச் டிரம்மை நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். என்னிடம் சொல்லவில்லை. நான் வழக்கம்போல் கையை விட்டேன். அவன் கெட்டவன் இல்லை. தனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். நாற்பது வயது ஆள். அவனை யாரும் பின் அறைக்கு அனுப்பவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சலவைக்கூடத்தில் ஷிப்ட் மாறும்போது யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. வருகிறவன் போகிறவனைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி. "என்ன மாத்தினே?" மூன்றாவது டிரையர் சூடாகிறது, நிறுத்தியிருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் துணித் தள்ளுவண்டி இடது பக்கம் போயிருக்கிறது. எதுவும் மாற்றவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் கதவைத் தாண்ட முடியாது.

எங்கள் வீடும் ஷிப்டில் ஓடும் வீடுதான். நான் காலை ஆறரைக்கு வருவேன், அவள் ஏழுக்குக் கிளம்புவாள். அந்த அரை மணி நேரத்தில் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கேள்வி தானாக வீட்டுக்கும் வந்துவிட்டது. "என்ன மாத்தினே?" அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நானும் ரேடியோவும் பேசுவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

"கத்தரிக்கோலை எங்க வெச்சோம்?"

"மேல் டிராயர்ல."

"அம்மா வந்தா எங்க தேடுவா?"

"தையல் டப்பால. அங்கதான் இருக்குன்னு நினைச்சிட்டு இருப்பாங்க."

"பாவம். தேடித் தேடி யார் மேல கோபம் வரும்?"

"உன் மேல."

"நீதானே எடுத்தே?"

"அது அம்மாவுக்குத் தெரியாதே!"

இரண்டரை வயதிலிருந்து இந்தப் பேச்சு. அம்மாவுக்கு என்ன தெரியும், பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் என்ன நினைத்திருப்பார், பஸ்ஸில் அழுத அந்தக் குழந்தைக்கு என்ன வேண்டியிருந்தது. வேறு விளையாட்டு வாங்கித்தர எங்களுக்கு வக்கில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் அவள் எப்போதும் ஒரே கேள்வி கேட்பாள். "யார் சொல்றது? நீயா, நானா?" யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அதுதான் வீட்டுச் சட்டம்.

"மறுபடி செஞ்சு காட்டுங்க. இப்ப, எங்க முன்னாடி" என்றேன்.

"சார், ஒருதரம் எழுதினா எழுதினதுதான்" என்றார் தலைமை ஆசிரியை.

"கல்வெட்டா இது? பேப்பர்தானே!"

பொம்மை டீச்சர் தலைமை ஆசிரியையைப் பார்க்காமலே பொம்மைகளை எடுத்தாள். ரேடியோ ஓடிவந்து மேசை முன்னால் முட்டி போட்டாள். பந்து கூடைக்குள் போனது. சிவப்புச் சட்டை மேசை விளிம்பைத் தாண்டிப் போனது. கோட்டுப் பாவாடை பந்தைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடியது. சிவப்புச் சட்டை திரும்பி வந்தது.

பொம்மை டீச்சர் கேள்வியைக் கேட்க வாயெடுப்பதற்குள் ரேடியோ குனிந்து, கையைக் குவித்து, பொம்மையின் காதில் ஏதோ சொன்னாள்.

"இப்ப இவ பந்தை எங்க தேடுவா?"

"பெட்டியில."

"பாத்தீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை.

"பொம்மை காதுல என்னம்மா சொன்னே?" என்று நான் கேட்டேன்.

"பந்து பெட்டிக்கு மாறிடுச்சு, கூடையில தேடாதேன்னு சொன்னேன்." ரேடியோவுக்கு எங்கள் எல்லோர் மேலும் சலிப்பு. "அவ வெளிய போயிருந்தா இல்ல? அவளுக்குத் தெரியாது. யாருமே சொல்லல. அதான் நான் சொன்னேன்."

நான் சிரித்துவிட்டேன். தூக்கமில்லாத சிரிப்பு, நல்லா இருந்திருக்காது.

"போன தடவையும் இப்படிக் காதுல சொன்னாளா?"

பொம்மை டீச்சரின் காது மடல் சிவந்தது. "ஏதோ முணுமுணுத்தா. கவனம் சிதறுதுன்னு குறிச்சேன்."

"என்ன முணுமுணுத்தேன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு பாக்கிற பரீட்சை. வெச்ச நீங்களே பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு கேக்கல."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "சார், பொம்மைக்குக் காது கேக்காது."

"பொம்மை பந்தும் தேடாது. தேடும்னு சொன்னது நீங்க. தேடுற பொம்மைக்குக் காது கேக்காதா?"

மனைவி இந்தத் தடவை என் காலை மிதிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் அந்த அம்மாள் முப்பது வருஷமாகப் பெற்றோர்களைச் சமாளித்தவர்.

"ரெண்டு வாரம் முன்னாடியே எல்லாத்தையும் விளக்கி லெட்டர் அனுப்பியிருக்கோம். பந்து, கூடை, பெட்டி எல்லாம் அதுல இருக்கு. வீட்டுல உக்கார வெச்சு நீங்களே இப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கி இருக்கலாம் இல்லையா? அப்போ இந்தக் காதுல சொல்றதெல்லாம் கணக்கில்ல."

"லெட்டரா?" மனைவி திரும்பினாள். "எங்களுக்கு எந்த லெட்டரும் வரலையே! வந்திருந்தா நான் அன்னைக்கே இங்க வந்து நின்னிருப்பேன்."

கடிதம் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன்பு, அவள் வேலையில் இருந்தபோது, நான் தூங்கி எழுந்து கதவடியில் கிடந்ததைப் பிரித்துப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். இவள் பார்த்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. சுற்றுவட்டாரத்தில் வேறு மழலையர் பள்ளி இல்லை. இவர்களைப் பகைத்துக்கொண்டால் பிள்ளையை விட இடமில்லாமல் அவள் வேலை போய்விடும். அதனால் நானே போய்ச் சண்டை போட்டு முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று, அலமாரி மேல் இருக்கும் பழைய சூட்கேஸுக்குள் போட்டு மூடினேன். நான் ஏறி நின்ற நாற்காலிக்குப் பக்கத்தில் ரேடியோ நின்றிருந்தாள்.

"அம்மாகிட்ட யார் சொல்றது? நீயா, நானா?"

"நான் சொல்றேன். நீ சொல்லாதே."

மறுநாள் கேட்டாள். "சொல்லிட்டியா?" நாளைக்கு என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டாள். காலையில் மனைவி "என்ன மாத்தினே?" என்று கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் மாத்தல" என்று சொன்னேன், பன்னிரண்டு தரம். ஒவ்வொரு தரமும் ரேடியோ பாலைக் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தது என்றால், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகும், பின் அறைதான். வரவில்லை என்றால் ஒரு பொய்யோடு போயிற்று.

"வரல. தபால்ல எங்கயாவது தொலைஞ்சிருக்கும்" என்றேன்.

ரேடியோ எழுந்து நின்றாள். பொம்மையை விட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போனாள். கோட்டைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். ஆனால் காதில் சொல்லவில்லை, சத்தமாகத்தான் சொன்னாள்.

"வந்துச்சும்மா. அலமாரி மேல சூட்கேஸுக்குள்ள இருக்கு. நீ வேலைக்குப் போயிருந்தே. அதனால வரலைன்னு நினைச்சிட்டு இருக்கே. அப்பா சொல்றேன்னு சொன்னார். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி, சொல்லவே இல்ல."

பொம்மை டீச்சர் பேனாவை எடுத்து ரேடியோ சொன்னதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்து, மெதுவாக, "இதுதான் விடை" என்றாள்.

"எது?" என்றார் தலைமை ஆசிரியை.

"அம்மா இல்லாதப்போ ஒளிச்சு வெச்சது. அம்மாவுக்குத் தெரியாது. அதனால அம்மா என்ன நினைச்சிட்டிருக்காங்க... பொம்மையை வெச்சு நான் கேட்டது இதைத்தான் மேடம். பொம்மையே இல்லாம சொல்லிட்டா."

"லெட்டர் வந்திருக்குன்னும் சொல்லியிருக்கா. அப்போ பழக்கினது உண்மைதானே?"

என் மனைவி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்று எழுதினால் சரியாக இருக்கும்.

"இவர் பழக்குற லட்சணத்தைத்தான் இப்ப கேட்டீங்களே" என்றாள். "வாயை மூடிக்கோன்னு பழக்கி இருக்கார். அது கூடத் தேறல. லெட்டர் வந்தது இவ பரீட்சை எழுதினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்" என்றாள் பொம்மை டீச்சர்.

"பரீட்சையிலயும் முணுமுணுத்தான்னு இவங்களே சொல்றாங்க. வராத லெட்டரைப் படிச்சா பழக்க முடியும்?"

தலைமை ஆசிரியை கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தப்பு செஞ்சது இவர். இவரை வேணா பின் அறையில உக்கார வைங்க, மணி கோத்துட்டு வரட்டும். என் பொண்ணு பேரை அதுல எழுத விட மாட்டேன். என் வேலை போனாலும் சரி, தினமும் கவுண்டருக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப்பேன். இது பேனாவுல எழுதினதா, பென்சில்லயா?"

"பேனா" என்றாள் பொம்மை டீச்சர்.

"அப்போ அடிங்க."

அவள் அடித்தாள். ஒரே கோடு. பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள். கீழே, 'குழந்தை பொம்மையிடம் சொன்னது என்ன என்று நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். அதை அவள் எழுதியிருக்கத் தேவையில்லை. மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி எழுதுகிறவர்களை நான் என் வேலையில் பார்த்ததில்லை.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார் தலைமை ஆசிரியை. கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

"பாருங்க. அப்பவும் சொல்லத்தான் செய்வா. காதைக் கொடுத்துக் கேளுங்க" என்றாள் மனைவி. கடைசி வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

ரேடியோ தன் வகுப்புக்கே ஓடினாள், முன் பக்கத்து அறைக்கு. நாங்கள் தெருவுக்கு வந்தோம். பஸ் நிறுத்தம் வரை மனைவி இரண்டடி முன்னால் நடந்தாள். நிறுத்தத்தில் நின்றதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டுடுவேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"கேட்டியா?"

"இல்ல."

"உள்ள அந்தப் பொண்ணை என்ன கிழி கிழிச்சே! கேட்டீங்களா, கேட்டீங்களான்னு." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பினாள். "பன்னெண்டு நாள்டா. கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு கூடச் சொல்லிட்டு இருந்தே."

சண்டை போட்டதற்கு எனக்கு வருத்தமில்லை. நாளைக்கே இன்னொரு தாளை நீட்டினால் நாளைக்கும் போடுவேன். ஆனால் அந்தப் பரீட்சையில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று பஸ் போன பிறகும் யோசித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி கூடையில் தேடுவாளா, பெட்டியில் தேடுவாளா? ஏழு வருஷம் கூட இருந்துவிட்டு, தப்பான விடையை அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது சூட்கேஸ் திறந்து கட்டில்மேல் கிடந்தது. கடிதம் மேசைமேல், தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில். அவள் ரேடியோவின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன மாத்தினே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. முகம் கழுவும்போதே தயார் செய்து வைத்திருந்தேன்.

வேலைக்கு நான் சாவி கொண்டுபோவதில்லை. சட்டைப் பையில் எதுவும் இருக்கக் கூடாது. டிரம்முக்குள் விழுந்தால் ஒரு லோடு துணியும் கிழியும். எனக்கான சாவி வாசலில் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான்.

ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ரேடியோ வாசல்படியில் நின்றாள்.

"அப்பா, சாவி இடம் மாறிடுச்சு."

மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது.

"எங்க இருக்கு?"

அவள் உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சீருடையின் காலரை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மாறிடுச்சுன்னு சொல்லிட்டேன். எங்கன்னு சொல்ல மாட்டேன்."

"ஏன்டி?"

"அதை அம்மா சொல்லுவாங்க." கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு."

கதவு சாத்திக்கொண்டது. பெரிய ஆளின் காலடி வந்து நின்றது. பூட்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று.